தண்ணீர்க் கணக்கு: கேள்வி – பதில்

போன இதழில், நகரத்தை ஒட்டியிருக்கும் ஊராட்சிகள் மொத்தமாக வாங்கும் குடிநீருக்கு எது நியாய விலை என்று ஒரே ஒரு பத்தி எழுதியிருந்தேன். அதற்கு வந்த கடிதங்கள் மேசையில் ஒரு கட்டாகச் சேர்ந்துவிட்டன. காரிமங்கலம், பாலக்கோடு, காவேரிப்பட்டணம், ஓசூர் பக்கம் என்று எல்லா இடத்திலிருந்தும் எழுதியிருக்கிறீர்கள். அதனால் இந்த மாதம் மற்ற கேள்விகளை ஒதுக்கி வைத்துவிட்டேன். தண்ணீர் மட்டும்தான். புகார் எழுதியவர்கள் சிலர் ஊர்ப் பெயரைப் போட வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்கள், போடவில்லை.

கேள்வி: எங்கள் ஊராட்சி ஒரு நகரத்தின் எல்லையில் இருக்கிறது. ரோட்டுக்கு அந்தப் பக்கம் அவர்கள், இந்தப் பக்கம் நாங்கள். அவர்களுடைய பெரிய குழாயிலிருந்து ஓர் இணைப்பு எடுத்து எங்கள் தொட்டியை நிரப்பிக்கொள்கிறோம். அவர்கள் தங்கள் வீடுகளுக்கு என்ன விலை போடுகிறார்களோ அதையேதான் எங்களுக்கும் போடுவோம், அதற்கு மேலும் கொஞ்சம் வைப்போம் என்கிறார்கள். "ஒரே தண்ணிதானே" என்று சொன்னால் எங்களால் பதில் பேச முடியவில்லை.
– ஊராட்சி வார்டு உறுப்பினர், தர்மபுரி மாவட்டம்

பதில் பேசலாம் தம்பி, தாராளமாகப் பேசலாம். பாலக்கோடு தக்காளி மார்க்கெட்டில் விடிகாலையில் நூறு பெட்டி எடுக்கிற வியாபாரியிடம் போய், தெருவில் தள்ளுவண்டிக்காரர் கிலோ போடுகிற விலையைக் கேட்டால் கொடுப்பாரா? தக்காளி ஒன்றுதான். ஆனால் தள்ளுவண்டி விலைக்குள் வண்டி வாடகை இருக்கிறது, வெயிலில் அழுகிப்போகிற காய் இருக்கிறது, தெருத்தெருவாகக் கத்திக்கொண்டு போகிற உழைப்பு இருக்கிறது. பெட்டியாக எடுப்பவருக்கு அந்தச் செலவு எதையும் மார்க்கெட்காரர் செய்யவில்லை.

தண்ணீரிலும் அப்படித்தான். ஒரு நகரம் தன் வீடுகளுக்குப் போடுகிற கட்டணத்தைப் பிரித்துப் பாருங்கள். ஆற்றில் எடுப்பது, சுத்திகரிப்பது, மோட்டார் கரண்ட், பெரிய குழாய், பெரிய தொட்டி, இவை ஒரு பகுதி. அதற்கப்புறம் தெருக் குழாய்கள், வீட்டு இணைப்புகள், வால்வு திறக்கிற ஆட்கள், தெருவில் குழாய் உடைந்தால் ஓடி வருகிற பிட்டர், பில் போட்டு வசூல் செய்கிற செலவு, கட்டாமல் விடுகிறவர்களின் பாக்கி, இவை இன்னொரு பகுதி. நீங்கள் முதல் பகுதியை மட்டும்தான் பயன்படுத்துகிறீர்கள். இரண்டாவது பகுதியை உங்கள் ஊராட்சியே தன் செலவில், தன் ஆள் வைத்துச் செய்துகொண்டிருக்கிறது. ஒரு பேச்சுக்கு, ஆயிரம் லிட்டருக்கு அவர்களுக்கு ஆகும் 20 ரூபாயில் 12 ரூபாய் பெரிய தொட்டி வரைக்கும், 8 ரூபாய் தெருவுக்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். உங்களிடம் கேட்க வேண்டியது அந்த 12-ம், மீட்டர் பார்த்து மாதம் ஒரு பில் போடுகிற சின்னச் செலவும்தான். 20 கேட்டால், அவர்கள் ஊர்த் தெருக் குழாய்க்கு நீங்கள் காசு கட்டுகிறீர்கள், அப்புறம் உங்கள் ஊர்த் தெருக் குழாய்க்கும் நீங்களேதான் கட்டுகிறீர்கள்.

"அதற்கு மேலும் கொஞ்சம்" என்கிறார்களே, அதைத் தனியாகப் பார்க்க வேண்டும். அமெரிக்காவில் ஒரு நகரம் தன் சொந்தக் காசைப் போட்டு, கடன் பத்திரம் விற்று, தன் மக்களை அடமானம் வைத்தது போலத் திட்டம் கட்டி, பிறகு வெளியூருக்குத் தண்ணீர் விற்கும்போது, முதல் போட்டவர் என்ற முறையில் ஒரு நியாயமான வருமானத்தைச் சேர்த்துக்கொள்வதை அங்கே ஒத்துக்கொள்கிறார்கள். அது சரிதான், ஆபத்தை ஏற்றவருக்கு ஒரு பங்கு வேண்டும். ஆனால் நம் பக்கம் பெரிய குழாய்களைப் போட்டது யார்? ஒகேனக்கல்லில் காவிரித் தண்ணீரை எடுத்து தர்மபுரி, கிருஷ்ணகிரி இரண்டு மாவட்டத்துக்கும் கொண்டுவருகிற ஒகேனக்கல் திட்டத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். ஜப்பான் அரசின் உதவி நிறுவனமான ஜைக்கா கொடுத்த கடனிலும் அரசுப் பணத்திலும் கட்டப்பட்டு 2013-ல் ஓட ஆரம்பித்தது. அந்தக் கடனைத் திருப்பிக் கட்டுகிற அரசுப் பணத்தில் உங்கள் ஊர்க்காரர் வரியும் இருக்கிறது, ரோட்டுக்கு அந்தப் பக்கத்துக்காரர் வரியும் இருக்கிறது. மானியத்தில் வந்த குழாய்க்கு முதலாளி லாபம் கேட்க யாருக்கும் உரிமை இல்லை என்பது என் உறுதியான எண்ணம். அந்த நகரம் உங்களுக்காகவே தன் நிதியிலிருந்து ஒரு மோட்டாரோ தொட்டியோ கூடுதலாகப் போட்டிருந்தால் அதற்கான பங்கைக் கொடுங்கள், அதில் மட்டும் பேரம் பேசாதீர்கள்.

எழுதிக் கேளுங்கள்: "எங்கள் விலையில் எந்தெந்தச் செலவு சேர்ந்திருக்கிறது?" இந்த ஒரு வரிக்கு அவர்கள் பதில் எழுத உட்கார்ந்தாலே பாதி வேலை முடிந்தது.

கேள்வி: என் பெண்ணுக்கு 7 வயது. முன்பல் இரண்டிலும் சுண்ணாம்பு தடவியது போல வெள்ளைக் கோடு விழுந்திருக்கிறது. ஆற்றுத் தண்ணீர் வர ஆரம்பித்த பிறகு இந்தக் கவலை இல்லை என்று நினைத்தோம். இப்போது ஊரில் போர் தண்ணீரையும் அதே தொட்டியில் ஏற்றிக் கலந்து விடுகிறார்கள். கேட்டால், "மொத்தத் தண்ணிக்குக் காசு கட்டி மாளவில்லை அக்கா" என்கிறார் டேங்க் ஆபரேட்டர்.
– ஒரு தாய், கிருஷ்ணகிரி மாவட்டம்

அம்மா, வந்த கடிதங்களிலேயே உங்கள் கடிதத்தைத்தான் இரண்டு முறை படித்தேன். விலை நியாயமாக இருக்க வேண்டும் என்று நான் இவ்வளவு பேசுவதற்குக் காரணமே நீங்கள் எழுதியிருக்கும் அந்த வெள்ளைக் கோடுதான்.

நம் இரண்டு மாவட்டத்திலும் பாறைக்கு அடியிலிருந்து வருகிற தண்ணீரில் ஃப்ளோரைடு கூடுதலாக இருக்கும் இடங்கள் நிறைய. ஒகேனக்கல் திட்டத்தின் பெயரிலேயே ஃப்ளோரோசிஸ், அதாவது ஃப்ளோரைடு கூடிப் பல்லும் எலும்பும் கெடுகிற பாதிப்பைக் குறைப்பது என்று சேர்த்துத்தான் வைத்தார்கள். இந்தியத் தர அளவு ஒரு லிட்டருக்கு 1 மில்லிகிராம் என்கிறது, வேறு தண்ணீருக்கு வழியே இல்லாவிட்டால் 1.5 வரை பொறுக்கலாம் என்கிறது. இப்போது கலப்படக் கணக்கைப் பாருங்கள். ஆற்றுத் தண்ணீரில் 0.3, போர் தண்ணீரில் 3 என்று வைத்துக்கொள்வோம். பாதிக்குப் பாதி கலந்தால் 1.65. வழியில்லாத ஊருக்குச் சொன்ன அளவையும் தாண்டிவிட்டது. மூன்றில் ஒரு பங்கு மட்டும் போர் தண்ணீர் விட்டால்கூட 1.2. அதாவது "கொஞ்சம்தான் கலக்கிறோம்" என்பது சமாதானமே இல்லை. பல்லில் தெரிகிற கறை, ஈறுக்குள் பல் உருவாகிற வயதில் குடித்த தண்ணீரால் வருவது, சுமார் 8 வயது வரைக்கும் அந்தக் காலம். உங்கள் பெண்ணுக்கு இன்னும் முளைக்க வேண்டிய பற்கள் இருக்கின்றன. அதனால் குடிக்கவும் சமைக்கவும் கலக்காத ஆற்றுத் தண்ணீரைத் தனியாகப் பிடித்து வையுங்கள், தொட்டித் தண்ணீரை ஒரு முறை சோதிக்கக் கொடுங்கள். குடிநீர் வாரியத்துக்கு மாவட்ட ஆய்வகம் இருக்கிறது, ஊராட்சிகளுக்குச் சோதனைப் பெட்டியும் கொடுத்திருக்கிறார்கள். பல்லை ஒரு பல் மருத்துவரிடமும் காட்டிவிடுங்கள்.

ஆபரேட்டரைத் திட்டாதீர்கள், அவர் சொன்னது உண்மைக் காரணம். மொத்த விலை ஊராட்சியின் சக்திக்கு மேலே போகும்போது நடப்பது இதுதான். ஊர் தண்ணீர் குடிப்பதை நிறுத்தாது, மலிவான தண்ணீருக்குத் திரும்பிவிடும். உலகம் முழுக்க இதற்குப் பெரிய பாடமாகச் சொல்லப்படுவது அமெரிக்காவின் ஃப்ளின்ட் நகரம். அப்போது சுமார் ஒரு லட்சம் பேர் வாழ்ந்த ஊர். 1967 முதல் டெட்ராய்ட் நகரத்திடம்தான் மொத்தத் தண்ணீர் வாங்கிக்கொண்டிருந்தது. அந்த விலை கட்டுப்படியாகவில்லை, வேறு ஏற்பாடு செய்துகொண்டால் மிச்சமாகும் என்று, புதுக் குழாய் வந்து சேரும்வரை ஊருக்குள் ஓடுகிற ஆற்றிலேயே எடுத்துக்கொள்வோம் என 2014 ஏப்ரல் 25 அன்று மாறினார்கள். அந்தத் தண்ணீர் குழாயை அரிக்காமல் இருக்கச் சேர்க்க வேண்டிய மருந்தைச் சேர்க்கவில்லை. பழைய ஈயக் குழாய்களிலிருந்து ஈயம் கரைந்து குழந்தைகளின் ரத்தத்துக்குள் போனது. 2015 அக்டோபரில் மறுபடி டெட்ராய்ட் தண்ணீருக்கே திரும்பினார்கள். மிச்சம் பிடிக்க நினைத்த பணத்தைப்போல எத்தனையோ மடங்கு பிறகு செலவானது, அந்தப் பிள்ளைகளுக்கு நடந்ததைத் திருப்ப முடியவில்லை.

நம் ஊரில் ஈயக் குழாய் பிரச்சினை இல்லை, நமக்கு ஃப்ளோரைடு. ஆனால் கதையின் எலும்பு ஒன்றுதான். ஆகவே உங்கள் ஊராட்சியிடம் நீங்கள் கேட்க வேண்டியது, போர் தண்ணீரை நிறுத்து என்பது அல்ல, அது துவைக்கவும் மாட்டுக்கும் வேண்டியிருக்கிறது. அதை மேல்நிலைத் தொட்டியில் ஏற்றாதே, தெருமுனை சின்டெக்ஸ் தொட்டியில் தனியாக விடு என்று கேளுங்கள். நிறைய ஊர்களில் அப்படி நடக்கிறது. ஆற்றுத் தண்ணீர் குடிக்கவும் சமைக்கவும் மட்டும் என்று ஆகும்போது மொத்த பில்லும் தன்னால் குறையும்.

கேள்வி: போர் தண்ணீரைக் காய்ச்சி ஆறவைத்துக் குடித்தால் ஃப்ளோரைடு போய்விடுமா?
– வாசகி, ஊத்தங்கரை

போகாது. தண்ணீர் ஆவியாகி அளவு குறைவதால், மீதியில் அது கொஞ்சம் கூடத்தான் செய்யும். காய்ச்சுவது கிருமிக்கு.

கேள்வி: நான் டேங்க் ஆபரேட்டர். எங்கள் ஊரும் பக்கத்து ஊரும் ஒரே அளவு தண்ணீர் எடுக்கிறோம், தினம் இரண்டு லட்சம் லிட்டர். நாங்கள் ராத்திரி பகலாக மெதுவாக ஏற்றுகிறோம். அவர்கள் காலையில் வால்வை முழுசாகத் திறந்து நாலு மணி நேரத்தில் இழுத்துவிடுகிறார்கள், அந்த நேரத்தில் எங்கள் பக்கம் நூல் மாதிரிதான் வருகிறது. இரண்டு பேருக்கும் ஒரே பில். இது எப்படிச் சரி?
– டேங்க் ஆபரேட்டர், பென்னாகரம் வட்டம்

சரியில்லை. இந்தப் பகுதியில் வந்த கேள்விகளிலேயே நுட்பமான கேள்வி உங்களுடையதுதான் அண்ணா, படித்தவர்கள் பலர் தவறவிடுகிற இடம் இது.

20 மணி நேரத்தில் இரண்டு லட்சம் லிட்டர் என்றால் மணிக்கு 10,000. நாலு மணி நேரத்தில் என்றால் மணிக்கு 50,000. உங்கள் ஊருக்கு ஒரு பங்கு தாங்குகிற குழாயும் மோட்டாரும் போதும் என்றால் அவர்களுக்கு ஐந்து பங்கு தாங்க வேண்டும். குழாயின் விட்டம், மோட்டாரின் குதிரைத்திறன், இவற்றை முடிவு செய்வது மாதம் எத்தனை லட்சம் லிட்டர் ஓடியது என்பது அல்ல, எல்லோரும் ஒன்றாகத் திறக்கிற அந்தக் காலை நேரம்தான். திருமண மண்டபம் கட்டுகிறவர் சாதாரண நாளில் எத்தனை பேர் வருவார்கள் என்று பார்த்தா பந்தி ஹாலைக் கட்டுகிறார்? முகூர்த்த நாள் கூட்டத்துக்குத்தான் கட்டுகிறார், அந்தச் செலவு வருஷம் முழுக்க வாடகையில் ஏறுகிறது.

அதனால்தான் அமெரிக்கத் தண்ணீர்த் துறையில் மொத்த விலை போடும்போது செலவை மூன்றாகப் பிரிக்கிற ஒரு முறை ரொம்ப நாளாக இருக்கிறது. சராசரி நாளுக்கு ஆகிற செலவு ஒன்று, வருஷத்திலேயே அதிகமாகத் தண்ணீர் எடுக்கிற அதிகபட்ச நாளுக்காகக் கூடுதலாகக் கட்டியதற்கு ஒன்று, அதிகபட்ச மணி நேரத்துக்காகக் கட்டியதற்கு ஒன்று. சீராக எடுக்கிறவர் முதல் பங்கை மட்டும் பெரிதாகச் சுமப்பார், மற்ற இரண்டில் அவர் பங்கு சிறிசு. டெட்ராய்ட்டைச் சுற்றியிருக்கும் ஊர்கள் ஒப்பந்தத்திலேயே "எங்கள் அதிகபட்ச நாள் இவ்வளவு, அதிகபட்ச மணி இவ்வளவு" என்று எழுதிக் கையெழுத்துப் போடுகின்றன. அந்த அளவை வைத்துத்தான் விலை.

இங்கே அவ்வளவு நுட்பமாக நாளைக்கே செய்துவிட முடியாது, மணிக்கணக்கில் பதிவு செய்கிற மீட்டர் வேண்டும். ஆனால் எளிதாக ஒன்று செய்யலாம். தன் ஊரில் ஒரு நாள் தேவைக்குத் தொட்டி வைத்து, குழாய் வாயில் சீராக விடுகிற வால்வைப் பொருத்திக்கொண்ட ஊருக்குக் கொஞ்சம் குறைந்த விலை, இல்லாதவருக்குக் கொஞ்சம் கூடுதல். பக்கத்து ஊர்க்காரர் வேண்டுமென்று செய்யவில்லை, அவர்கள் தொட்டி சின்னதாக இருக்கலாம். விலையில் ஒரு ரூபாய் வித்தியாசம் தெரிந்தால் பெரிய தொட்டிக்கு மனு எழுத அவர்களுக்கே மனசு வரும், உங்கள் ஊர்க் குழாயிலும் காலையில் தண்ணீர் வரும்.

கேள்வி: ஓசூர் மேட்டில் இருக்கிறது, ஒகேனக்கல் பள்ளத்தில் இருக்கிறது. இவ்வளவு தூரம் ஏற்றுகிற தண்ணீருக்கும் ஆற்றங்கரை ஊருக்கும் ஒரே விலை என்றால் எங்களைப் போன்ற பக்கத்து ஊர்க்காரர்கள் ஏமாளிகளா?
– ஓய்வுபெற்ற ஆசிரியர், பாப்பாரப்பட்டி

ஐயா, கணக்காகவே பார்த்துவிடுவோம், நீங்கள் ஆசிரியர். ஆயிரம் லிட்டர் தண்ணீரை 100 மீட்டர் உயரம் ஏற்ற, எந்த இழப்பும் இல்லாவிட்டால், 0.27 யூனிட் மின்சாரம் வேண்டும். மோட்டாரும் பம்பும் நூற்றுக்கு எழுபதுதான் வேலை செய்யும் என்று வைத்தால் கிட்டத்தட்ட 0.4 யூனிட். ஆற்று மட்டத்திலிருந்து ஓசூர் சுமார் 600 மீட்டர் உயரம். அப்படியானால் 2.4 யூனிட், குழாயின் உராய்வைச் சேர்க்காமலே. 250 மீட்டர் ஏற்றினால் போதும் என்கிற ஊருக்கு 1 யூனிட். யூனிட்டுக்கு 8 ரூபாய் என்று பேச்சுக்கு வைத்தால், அங்கே 19 ரூபாய், இங்கே 8 ரூபாய். வித்தியாசம் சின்னதல்ல.

ஆனாலும் நான் இதில் உங்கள் பக்கம் இல்லை. முதலில், நீங்கள் பக்கத்து ஊர் என்றாலும் உங்கள் தண்ணீரும் ஆற்றுப் பள்ளத்திலிருந்து ஏறி மடம் பக்கத்து மேட்டுக்கு வந்த பிறகுதான் கீழே இறங்கி ஓடி வருகிறது. தர்மபுரிக்கும் அதேதான், நகரத்தின் உயரத்தை மட்டும் பார்த்தால் கணக்கு தப்பும். அடுத்தது, இரண்டு மாவட்டத்து நகரங்கள், பேரூராட்சிகள், 6,700-க்கும் மேற்பட்ட சிற்றூர்களை ஒரே திட்டமாகச் சேர்த்துக் கட்டியதால்தான் எல்லோருக்கும் செலவு குறைந்தது. ஆற்றங்கரை ஊர்கள் தனியாக ஒரு சுத்திகரிப்பு நிலையம் கட்டியிருந்தால் அது சின்னதாக, ஆயிரம் லிட்டருக்கு விலை கூடியதாகத்தான் இருந்திருக்கும். இதையும் நினைத்துப் பாருங்கள், ஐம்பது பைசா அஞ்சலட்டை ஒகேனக்கல்லிலிருந்து தர்மபுரிக்கும் அதே விலை, டெல்லிக்கும் அதே விலை. அதை யாரும் ஏமாளித்தனம் என்று சொல்வதில்லை. அஞ்செட்டி மலைக்கிராமத்துப் பிள்ளை மேட்டில் பிறந்தது அதன் குற்றமா?

வீட்டுக் குடிநீருக்கு, ஆளுக்கு ஒரு நாளைக்கு 55 லிட்டர் என்று ஜல் ஜீவன் திட்டம் சொல்கிறதே, அந்த அளவு வரைக்கும் மேடு பள்ளம் பார்க்காமல் ஒரே மொத்த விலை இருக்கட்டும். அதற்கு மேல் எடுப்பதற்கு, முக்கியமாகத் தொழிற்சாலைக்கும் வணிகத்துக்கும் போகிற தண்ணீருக்கு, உயரச் செலவை முழுசாகப் போடலாம், போட வேண்டும். அங்கே உங்களோடு சேர்ந்து நானும் கேட்கிறேன்.

கேள்வி: எங்கள் லேஅவுட்டில் 120 வீடுகள். மொத்தமாக ஒரு மீட்டர், சங்கம் பணம் கட்டுகிறது. ஐப்பசி கார்த்திகையில் மழைத் தண்ணீர் சேமித்து ஆற்றுத் தண்ணீரைப் பாதியாகக் குறைத்தோம். பில் பாதியாகவில்லை. தண்ணீர் எடுத்தாலும் எடுக்காவிட்டாலும் கட்ட வேண்டிய நிலைக் கட்டணம் என்கிறார்கள். சிக்கனமாக இருந்ததற்குத் தண்டனையா?
– குடியிருப்போர் சங்கச் செயலாளர், ஓசூர்

தண்டனை இல்லை, ஆனால் உங்கள் கோபத்தில் நியாயம் இருக்கிறது. நீங்கள் குறைத்த மாதத்திலும் உங்களுக்காகப் போட்ட குழாய் அங்கேயே கிடக்கிறது, மோட்டார் ஷெட்டில் ஆள் இருக்கிறார், கடனுக்குத் தவணை ஓடுகிறது. தண்ணீர் கொடுக்கிற செலவில் பெரும்பகுதி தண்ணீர் ஓடினாலும் ஓடாவிட்டாலும் ஆகிற செலவு. விற்பவர் லிட்டர் கணக்கை மட்டும் நம்பியிருந்தால் நல்ல மழை வருஷத்தில் சம்பளம் போட முடியாமல் போய்விடும், அடுத்த வருஷம் விலையை ஏற்றுவார், அதையும் நீங்கள்தான் கட்டுவீர்கள். மாறாக எல்லாமே நிலைக் கட்டணம் என்றால் யாராவது குழாயை மூடுவார்களா?

டெட்ராய்ட் வட்டாரத்தில் ஊர்களுக்கான மொத்தக் கட்டணத்தை 60 பங்கு நிலை, 40 பங்கு லிட்டர் கணக்கு என்று வைத்திருக்கிறார்கள். எனக்கு அது நம் ஊருக்குக் கொஞ்சம் கனம் என்றே படுகிறது. மழையை நம்பி, வறட்சியைப் பார்த்து வாழ்கிற இடம் இது, சேமிக்கிறவருக்குக் கையில் ஏதாவது தெரிய வேண்டும். பாதிக்குப் பாதி வரை ஒத்துக்கொள்ளலாம். நீங்கள் சங்கத்தின் சார்பில் வேறொன்று கேளுங்கள்: உங்கள் ஒதுக்கீட்டையே குறைத்து எழுதித் தரச் சொல்லுங்கள். மழைக்காலத்தில் மட்டும் குறைப்பவருக்கு அது உதவாது, ஏனென்றால் சித்திரையில் முழு அளவு கேட்டு நிற்பீர்கள். ஆனால் வருஷம் முழுக்க உங்களால் குறைத்து ஓட்ட முடியும் என்றால் நிலைக் கட்டணமும் இறங்கத்தான் வேண்டும்.

கேள்வி: விலையை யார் தீர்மானிக்கிறார்கள் என்பதே எங்களுக்குத் தெரியவில்லை. சுற்றறிக்கை வருகிறது, கட்டுகிறோம். கம்பெனிகளுக்குக் கூட்டி எங்களுக்கு இலவசமாகவே கொடுத்தால் என்ன?
– முன்னாள் ஊராட்சித் தலைவர், பர்கூர் பக்கம்

இலவசம் வேண்டாம் அண்ணே. இலவசத் தண்ணீருக்கு மீட்டர் தேவையில்லை, மீட்டர் இல்லாத தண்ணீர் முதலில் போய்ச் சேருவது பெரிய மோட்டார் வைத்து உறிஞ்சுகிறவர் வீட்டுக்கு. கடைசித் தெருவுக்கு வருவது காற்று. குறைந்த விலை வேண்டும், அது சரி. கம்பெனிகளுக்குக் கூட்டிப் போடுவதும் சரி. ஆனால் யாருக்கு எவ்வளவு கூட்டினோம், யாருக்கு எவ்வளவு குறைத்தோம் என்பது பில்லிலேயே தெரிய வேண்டும். உதவி என்று தெரிந்தால்தான் நாளைக்கு அதை யாரும் சத்தமில்லாமல் எடுத்துவிட முடியாது.

யார் தீர்மானிப்பது என்ற கேள்விதான் பெரிசு. மின்சாரத்துக்கு நமக்கு ஒழுங்குமுறை ஆணையம் இருக்கிறது, கட்டணம் ஏற்றுமுன் பொதுமக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம் போடுகிறார்கள், நீங்களும் போய்ப் பேசலாம். தண்ணீருக்கு அப்படி ஒன்றை மகாராஷ்டிரா 2005-லேயே சட்டம் போட்டுக் கொண்டுவந்தது, அங்கே மொத்தத் தண்ணீர் விலையை அந்த ஆணையம்தான் நிர்ணயிக்கிறது. ஒவ்வொரு மாநிலத்திலும் இப்படி ஒரு தனி அமைப்பு வேண்டும் என்று 2012 தேசிய நீர்க் கொள்கையும் சொல்கிறது.

டெட்ராய்ட்டில் நடந்தது இன்னும் ஒரு படி மேலே. நகரம் விற்கும், சுற்றியிருக்கும் ஊர்கள் வாங்கும், விலை ஏறும்போதெல்லாம் வழக்கு, இப்படியே பல பத்து வருஷம் போனது. 2013-ல் நகரம் திவாலானது. அதற்குப் பிறகு வட்டாரத்துக்கே ஒரு பொது அமைப்பை உண்டாக்கி, 2016 ஜனவரி 1 முதல் அது மொத்தத் தண்ணீரைப் பார்த்துக்கொள்கிறது. நகரத்தின் பெரிய குழாய்களையும் நிலையங்களையும் 40 வருஷக் குத்தகைக்கு எடுத்து, வருஷத்துக்கு 5 கோடி டாலர் நகரத்துக்குக் கொடுக்கிறது. அதன் குழுவில் 6 பேர். நகரத்துக்கு 2, அந்த வட்டாரத்து மூன்று மாவட்டங்களுக்கு ஆளுக்கு 1, மாநில ஆளுநருக்கு 1. விலை மாற வேண்டுமானால் 5 பேர் கை தூக்க வேண்டும். நகரம் தனியாக ஏற்ற முடியாது, வெளியூர்கள் சேர்ந்துகொண்டு நகரத்தை நசுக்கவும் முடியாது.

நம் இரண்டு மாவட்டத்து மொத்தத் தண்ணீருக்கும் இப்படி ஒரு குழு இருந்தால், அதில் நகரங்களுக்கு இரண்டு இடம், ஊராட்சிகளுக்கு மூன்று இடம், குடிநீர் வாரியத்துக்கு ஒன்று என்று உட்கார்ந்து வருஷத்துக்கு ஒரு முறை கணக்கை விரித்துப் பார்த்தால், சுற்றறிக்கை வருவதற்கு முன்பே உங்களுக்கு விலை தெரிந்திருக்கும். முன்னாள் தலைவர் நீங்கள், மற்ற முன்னாள் தலைவர்களைச் சேர்த்து இதை ஒரு தீர்மானமாகக் கொண்டுவாருங்கள். நான் வந்து எழுதிக் கொடுக்கிறேன்.

கேள்வி: எல்லாம் மீட்டர் மீட்டர் என்கிறீர்கள். எங்கள் ஊருக்கு மொத்த மீட்டர் இருக்கிறதா என்றே தெரியவில்லை. மாதா மாதம் ஒரே தொகை வருகிறது. எங்கே போய்ப் பார்ப்பது?
– கல்லூரி மாணவர், அரூர்

மாதா மாதம் ஒரே தொகை என்றால் யாரும் மீட்டரைப் படிக்கவில்லை என்றுதான் அர்த்தம், தம்பி. முதலில் தேடுங்கள். மேல்நிலைத் தொட்டிக்கோ தரைத் தொட்டிக்கோ தண்ணீர் கொண்டுவருகிற பெரிய குழாயின் மேலேயே நடந்து போங்கள், ஊர் எல்லைக்குப் பக்கத்தில் சிமெண்ட் பலகை மூடிய ஒரு குழி இருக்கும். போன வருஷம் நான் ஓர் ஊரில் இப்படி ஒரு குழியைத் திறக்கப் போனேன். பலகையைக் கடப்பாரை போட்டு இரண்டு பேர் நெம்ப வேண்டியிருந்தது. உள்ளே முழங்கால் அளவு சேறு, ஒரு தவளை, பக்கத்து வீட்டிலிருந்து விழுந்த புளியந்தழை. வாளியால் அள்ளிக் கொட்டிவிட்டு, மீட்டர் மூடியைத் தூக்கி, கண்ணாடியைத் துணியால் துடைத்துத் துடைத்துப் பார்த்தால் உள்பக்கம் ஆவி கட்டி எண் தெரியவில்லை. கூட வந்த ஆபரேட்டர் டார்ச்சைச் சாய்த்துப் பிடித்தார். நாலு எண்கள் தெரிந்தன, சின்ன முள் சுற்றவே இல்லை. ஆனால் குழாயில் கை வைத்தால் தண்ணீர் ஓடுகிற அதிர்வு உள்ளங்கையில் தெரிந்தது. அந்த ஊர் எத்தனையோ மாதமாக உத்தேசத் தொகை கட்டிக்கொண்டிருந்தது, அதிகமாகக் கட்டியதா குறைவாகக் கட்டியதா என்று இனி யாராலும் சொல்ல முடியாது.

இன்னொன்று, மீட்டர் எந்த இடத்தில் இருக்கிறது என்பதும் காசுதான். மீட்டருக்கு முன்னால் குழாய் ஒழுகினால் நஷ்டம் விற்பவருக்கு, மீட்டரைத் தாண்டி ஒழுகினால் உங்கள் ஊருக்கு. எல்லைக்கு இரண்டு கிலோமீட்டர் முன்னாலேயே மீட்டரை வைத்துவிட்டு, இடையில் ஒழுகுவதையும் உங்கள் கணக்கில் எழுதினால் ஒத்துக்கொள்ளாதீர்கள்.

குழியைத் திறக்க விடவில்லை என்றால், தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் பொதுத் தகவல் அலுவலருக்கு 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி எழுதுங்கள். கடந்த 12 மாத மீட்டர் அளவு, மீட்டர் கடைசியாகச் சோதிக்கப்பட்ட தேதி, ஆயிரம் லிட்டருக்குப் போட்ட விலை, இந்த மூன்றை மட்டும் கேளுங்கள், 30 நாளுக்குள் பதில் தர வேண்டும். பதிலை எடுத்துக்கொண்டு கிராம சபைக்குப் போங்கள். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1, இந்த ஆறு நாளில் எது முன்னால் வருகிறதோ அது. மார்ச் 22 உலகத் தண்ணீர் தினம், அன்றைக்கு இந்தப் பேச்சை யாரும் தள்ளிப்போட முடியாது.

மீட்டர் ஓடுகிறது என்றால் இன்னும் எளிது. காலை ஆறு மணிக்கு எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள், போன் கேமராவில் படமும் எடுங்கள். மறுநாள் காலை அதே ஆறு மணிக்குப் போய் மறுபடி குறியுங்கள். இரண்டு எண்ணையும், ஊரில் எத்தனை வீடு என்பதையும் எனக்கு எழுதி அனுப்புங்கள், அடுத்த இதழில் சேர்ந்து கணக்குப் போடுவோம்.